ஐம்பது பவுண்டு பாக்கி

அனுமார் வாலில் தீ வைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஏன் வாலில் வைத்தார்கள், கழுத்தில் ஏன் கத்தி வைக்கவில்லை என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

ராவணன் முதலில் போட்ட உத்தரவு 'கொல்லுங்கள் இவனை' என்பதுதான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அசோகவனம் காலி. மகன் அட்சகுமாரன் அவுட். கட்டி இழுத்து வந்து நிறுத்தினால் 'நான் ராமதூதன்' என்று சபையில் லெக்சர் அடிக்கிற குரங்கை வேறென்ன செய்வது? அப்போதுதான் விபீஷணன் எழுந்து சட்டப் பாயின்ட் ஒன்றை எடுத்துவிட்டான். தூது வந்தவனைக் கொல்வது ராஜதர்மம் இல்லை. வேண்டுமானால் சவுக்கால் அடிக்கலாம், மொட்டை போடலாம், உறுப்பைக்கூட வாங்கலாம். உயிரை மட்டும் எடுக்கக்கூடாது. ராவணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். மரண தண்டனை, வால் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அதனால் லங்கைக்கு ஏற்பட்ட தீ விபத்து நஷ்டம் தனிக் கணக்கு.

டெல்லி சாணக்யபுரி பக்கம் போனால் நீல நம்பர் பிளேட் போட்ட கார்கள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்த நீல பிளேட்டுக்குப் பின்னால் இருப்பது விபீஷணன் எடுத்த அதே பாயின்ட்தான். தூதரைக் கைது செய்ய முடியாது. தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் போலீஸ் நுழைய முடியாது. கிரிமினல் கோர்ட் சம்மன் செல்லாது. அவர் நாட்டு முத்திரை போட்ட பையைக் கஸ்டம்ஸ்காரர் திறக்க முடியாது. இதற்கு 'டிப்ளமாடிக் இம்யூனிட்டி' என்று பெயர். சுருக்கமாகத் தமிழில் சொன்னால், 'என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது'.

கேட்டால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது. ஹெல்மெட் மறந்துபோனால் நமக்கு நடுரோட்டில் மரியாதை நடக்கிறது. அதென்ன அவர்களுக்கு மட்டும்? பதில் தேடிப் போனால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

* * *

பாரசீகச் சக்கரவர்த்தி டாரியஸ் கிரேக்க நகரங்களுக்கெல்லாம் தூதர்களை அனுப்பினான். அவர்கள் கேட்டது ரொம்ப சிம்பிள்: 'கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.' கொடுத்தால் அடிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். ஸ்பார்ட்டாக்காரர்களுக்குப் பேச்சு குறைவு, நக்கல் ஜாஸ்தி. வந்தவர்களைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, 'மண்ணும் தண்ணீரும் அங்கேயே இருக்கு, எடுத்துக்குங்க' என்று சொல்லிவிட்டார்கள். 

ஜோக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அதற்கப்புறம் ஸ்பார்ட்டாவில் எந்தப் பூஜை போட்டாலும் நல்ல சகுனமே வரவில்லையாம். தூதனைக் கொன்ற பாவம் என்று ஊரே அரண்டுபோயிற்று. கடைசியில் ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு பெரிய வீட்டு ஆசாமிகள், 'அந்த உயிர்களுக்கு எங்கள் உயிரை எடுத்துக்கொள்ளட்டும்' என்று பாரசீகத்துக்குக் கிளம்பிப் போனார்கள். அப்போது பட்டத்தில் இருந்தவன் டாரியஸின் மகன் செர்க்ஸிஸ். அவன் இவர்களைப் பார்த்து, 'நீங்கள் உலகத்துக்கே பொதுவான சட்டத்தை மீறினீர்கள். உங்களைக் கொன்று அதே தப்பை நானும் செய்வதாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கிரேக்கர், எதிரி ராஜாவுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடுகிற அபூர்வ இடம் அது!

எல்லோருக்கும் செர்க்ஸிஸ் மாதிரி மனசு இருக்காது. அடுத்த கதையைக் கேளுங்கள்.

1218-ல் மத்திய ஆசியாவில் குவாரஸம் என்று ஒரு பெரிய சாம்ராஜ்யம் இருந்தது. அதன் எல்லை நகரமான ஒட்ராருக்கு, செங்கிஸ்கான் அனுப்பிய வியாபாரக் கூட்டம் ஒன்று வந்தது. சுமார் 450 பேர். அந்த ஊர் கவர்னர் 'எல்லாம் ஒற்றர்கள்' என்று சொல்லி அத்தனை பேரையும் கொன்று, சரக்கையும் பிடுங்கிக்கொண்டார். செங்கிஸ்கான் (நம்ப மாட்டீர்கள்) உடனே படையெடுக்கவில்லை. கவர்னரை ஒப்படைக்கச் சொல்லி மூன்று தூதர்களை அனுப்பினார். குவாரஸம் ஷா ஒருவரின் தலையை வெட்டி, மற்ற இரண்டு பேரின் தாடியைச் சிரைத்து அனுப்பினார்.

அதன்பின் நடந்தது சரித்திரம். 1220-ல் புகாரா, சாமர்கண்ட் இரண்டும் விழுந்தன. ஷா ஓடி ஓடிக் கடைசியில் காஸ்பியன் கடலில் ஒரு தீவில் போய்ச் செத்தார். மூன்று பேரை மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தச் சண்டை வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால், பேசித் தீர்க்க இருந்த ஒரே கதவை ஷா உள்ளேயிருந்து பூட்டி, சாவியையும் முழுங்கிவிட்டார் என்பது நிச்சயம்.

ஆக, தூதருக்குப் பாதுகாப்பு என்பது அவருடைய அழகுக்காகக் கொடுத்ததில்லை. சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆளாவது உயிரோடு போய்வர வேண்டும். இல்லாவிட்டால் சண்டையை நிறுத்தவும் வழியில்லை.

* * *

இதுவரை தூதர் என்பவர் போனோமா, சேதி சொன்னோமா, வந்தோமா என்று இருந்தவர். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் நகர அரசுகள் ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்தன. தூதரை அடுத்த ஊரிலேயே நிரந்தரமாகக் குடிவைப்பது. மெள்ள மெள்ள ஐரோப்பா முழுக்க அது பரவியது.

குடிவைத்தால் என்ன ஆகும்? வீட்டு வாடகை ஆகும். பால் கணக்கு ஆகும். மளிகைக்கடை நோட்டு ஆகும். தையல்காரர் வருவார். ராஜாவின் பிரதிநிதி என்பதால் கோட்டும் சூட்டும் வண்டியும் குதிரையும் ஜாஸ்தி. ஊரிலிருந்து சம்பளம் வர மாதக்கணக்காகும். தலையை வெட்டுகிற பிரச்னை போய், தலைக்கு மேல் கடன் என்கிற பிரச்னை வந்துவிட்டது. பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் சரித்திரம் சுவாரஸ்யமாகிறது.

1708 ஜூலை. லண்டனில் ரஷ்யத் தூதர் ஆந்த்ரே மாத்வேயெவ். மகா பீட்டர் சக்கரவர்த்தியின் நம்பிக்கையான ஆள். வேலை முடிந்து, ஆன் மகாராணியைப் பார்த்து விடைபெற்றுக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இது கடைக்காரர்கள் காதில் விழுந்தது. மொத்த பாக்கி சுமார் ஐம்பது பவுண்டு. பட்சி பறந்தால் பணம் போச்சு! கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டில் உத்தரவு வாங்கி, ஆட்களை அனுப்பி, நடுத்தெருவில் அவர் வண்டியை மறித்து, ஆளை வெளியே இழுத்துப் போட்டு, அடி உதையோடு கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அப்புறம் தெரிந்தவர்கள் ஜாமீன் கொடுத்து மீட்டார்கள். மனுஷர் அவமானத்தில் கொதித்துப்போய் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

இந்தக் கதையை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா கோர்ட்டில் அமீனாவாக இருந்து ரிடையர் ஆனவர். ஜப்தி, வாரன்ட், தண்டோரா எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா, கோர்ட் ஆர்டர் இருந்துச்சா இல்லியா?"

"இருந்தது பெரியப்பா."

"பாக்கி நெஜமான பாக்கிதானே?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன தப்பு? ஊரைக் காலி பண்றான்னு தெரிஞ்சா அன்னிக்கே புடிச்சாதான் உண்டு. பஸ் ஏறிட்டான்னா பாக்கி காந்திக் கணக்குதான். அடிச்சது வேணா தப்பு. புடிச்சது கரெக்ட்."

லண்டன் சட்டமும் ஏறக்குறையப் பெரியப்பா கட்சிதான். விஷயம் கேள்விப்பட்ட பீட்டர், கைவைத்தவர்கள் அத்தனை பேருக்கும் மரண தண்டனை கேட்டார். ரஷ்யாவாக இருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். இங்கிலாந்தில் பதினேழு பேர் மேல் கேஸ் போட்டார்கள். சம்பவம் நடந்தது நிஜம் என்று ஜூரி சொல்லிவிட்டது. ஆனால், அது எந்தச் சட்டப்படி குற்றம் என்ற கேள்வி தீர்ப்பாகாமலேயே தொங்கியது. ஆன் மகாராணி, 'எங்கள் சட்டத்தில் இடமில்லாமல், என் குடிமக்களில் கடைசி ஆளைக்கூட நான் தண்டிக்க முடியாது' என்று பதில் அனுப்பினார். உலகத்தையே நடுங்கவைக்கிற சக்கரவர்த்தியிடம் ஒரு ராணி, 'எனக்குப் பவர் இல்லீங்க' என்று சொல்கிற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பீட்டருக்கு அது புரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

சட்டத்தில் இடமில்லை என்றால் இடம் பண்ணுவோம் என்று பார்லிமெண்ட் ஒரு புதுச் சட்டம் போட்டது. தூதர் மேலும் அவர் வேலையாட்கள் மேலும் எடுக்கிற கைது உத்தரவு, ஜப்தி உத்தரவு எதுவும் செல்லாது. அப்படி உத்தரவு வாங்குகிறவரும் அதை நிறைவேற்றுகிறவரும் குற்றவாளி. அந்தச் சட்டத்தின் பிரதியை வண்ணப் பூவேலையோடு அழகாக எழுதி, மன்னிப்புக் கடிதத்துடன் 1710-ல் பிரிட்டிஷ் தூதர் மூலம் ராஜாவிடம் சேர்த்தார்கள். பீட்டர் சமாதானமானார். அந்தச் சட்டம் 1964 வரை இங்கிலாந்தில் அமலில் இருந்தது. ஐம்பது பவுண்டு மளிகைப் பாக்கிக்கு இரண்டரை நூற்றாண்டு ஆயுள்!

ஒரு பின்குறிப்பு. அதே 1710-ல் துருக்கி சுல்தான் ரஷ்யாமீது போர் அறிவித்தார். அறிவித்த கையோடு இஸ்தான்புல்லில் இருந்த பீட்டரின் தூதரைப் பிடித்து 'ஏழு கோபுரம்' என்கிற கோட்டைச் சிறையில் போட்டார். போர் அறிவிப்பு என்றால் அங்கே அதுதான் சம்பிரதாயம். அந்தத் தூதர் பெயர் பியோத்தர் டால்ஸ்டாய். 'போரும் அமைதியும்' எழுதிய டால்ஸ்டாயின் முன்னோர்.

பெரியப்பாவிடம் இதையும் சொன்னேன். "நம்ம ஊர்ல அவங்க ஆளைப் புடிச்சா, அவங்க ஊர்ல இருக்கிற நம்ம ஆள் கதி என்ன பெரியப்பா?"

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அப்ப இது சலுகை இல்லடா. ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் போட்டிருக்காங்க. அப்படிச் சொல்லு" என்றார்.

நாலு புத்தகம் படித்தும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

* * *

இந்தப் பரஸ்பர ஜாமீனைத்தான் 1961 ஏப்ரல் 18-ம் தேதி வியன்னாவில் உட்கார்ந்து 53 ஷரத்துகளாக எழுதினார்கள். ஏறக்குறைய உலக நாடுகள் எல்லாமே அதில் சேர்ந்துவிட்டன. நாடுகள் ஒத்துப்போகிற விஷயமே அபூர்வம், அதிலும் இவ்வளவு நாடுகள்! காரணம், இந்தச் சட்டத்தில் ஒவ்வொரு நாடும் ஒரே சமயத்தில் வீட்டுக்காரராகவும் இருக்கிறது, குடித்தனக்காரராகவும் இருக்கிறது. டபுள் என்ட்ரி புக்-கீப்பிங் மாதிரி. இங்கே டெபிட் எழுதினால் அங்கே எங்கேயோ கிரெடிட் விழுந்தே தீரும்.

இதை வைத்துக்கொண்டு தூதர்கள் அடித்த கூத்தும் உண்டு. ஐ.நா. சபை இருப்பதால் நியூயார்க்கில் தூதர் ஜனத்தொகை அதிகம். 1997 கடைசியிலிருந்து 2002 முடிய, சுமார் ஐந்து வருடத்தில் அவர்கள் பார்க்கிங் அபராதம் கட்டாமல் விட்ட ரசீதுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பாக்கித் தொகை ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு மேல். ஃபிஸ்மன், மிகேல் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை நாடு வாரியாகப் பிரித்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முதல் ரேங்க் குவைத். ஒரு தூதருக்கு வருஷத்துக்கு 246 ரசீது! லீவு நாள் போக, ஆபீஸ் இருக்கிற தினமெல்லாம் ஒன்று. சுவீடன், நார்வே, ஜப்பான் கணக்கில் பூஜ்யம். சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விலக்குக் கொடுத்தது. சிலர் அதை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2002 கடைசியில் நகர நிர்வாகம், 'பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்குவோம்' என்று ஆரம்பித்தது. உடனே பாக்கி ரசீதுகள் கிட்டத்தட்ட 98 சதவிகிதம் குறைந்துபோயின. அதுவரை அந்த வீதிகளில் இடமே கிடைக்கவில்லை என்று சொன்னவர்களுக்கு திடீரென்று எங்கிருந்து இடம் கிடைத்ததோ!

லண்டன் கதை இன்னும் ருசி. 2003-லிருந்து நகரின் மையப் பகுதிக்குள் கார் நுழைந்தால் நெரிசல் கட்டணம். தூதரகங்கள் பலவும் 'இது வரி, எங்களுக்கு வரி கிடையாது' என்கின்றன. நகர நிர்வாகம் 'இது சேவைக் கட்டணம், நீங்கள் கட்டித்தான் ஆகவேண்டும்' என்கிறது. வியன்னா ஷரத்தில் வரிக்கு விலக்கு உண்டு, சேவைக் கட்டணத்துக்குக் கிடையாது. ரோட்டில் போவது சேவையா இல்லையா என்று இருபது வருஷத்துக்கு மேல் வாதம் நடக்கிறது. 2024 மே மாதம் வெளியிட்ட பட்டியலில் மொத்த பாக்கி 14 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. முதலிடம் அமெரிக்கா, 1 கோடியே 46 லட்சம். அடுத்து ஜப்பான். (நியூயார்க்கில் பூஜ்யம் வாங்கிய அதே ஜப்பான்.) மூன்றாவது யார் என்று கேட்கிறீர்களா? நாம்தான். 80 லட்சம் பவுண்டுக்கு மேல். ஐம்பது பவுண்டுக்காக அடிவாங்கிய மாத்வேயெவின் ஆத்மா என்ன நினைக்கும்!

* * *

சிரித்தது போதும். 1984 என்ற ஒரு வருஷத்தை மட்டும் சொல்கிறேன். மூன்று சம்பவம். மூன்றும் இங்கிலாந்தில்.

பிப்ரவரி 3. பர்மிங்ஹாமில் இந்தியத் தூதரகக் கிளையில் வேலை பார்த்த ரவீந்திர மாத்ரே, வேலை முடிந்து மகளின் பிறந்த நாள் கேக்கோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் கடத்தப்பட்டார். டெல்லி சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த மக்பூல் பட்டை விடச்சொல்லிக் கோரிக்கை. சில நாட்களில் மாத்ரேயின் பிணம்தான் கிடைத்தது. தூதரக ஆள் என்றால் சொகுசுக் கார், சீமைச் சரக்கு என்று நினைக்கிறோமே... அவர் பஸ்ஸில் போய்வந்த ஆள்தான். நாட்டின் மேல் கோபம் என்றால் கைக்கு எட்டுவது அவர் கழுத்துதான்.

ஏப்ரல் 17. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்துக்கு எதிரே கடாஃபிக்கு எதிராக ஆர்ப்பாட்டம். பாதுகாப்புக்கு நின்றிருந்தவர்களில் யுவான் பிளெட்சர் என்ற பெண் போலீஸ், வயது 25. தூதரகத்தின் ஜன்னலிலிருந்து ஆட்டோமேடிக் துப்பாக்கி வெடித்தது. யுவான் செத்துப்போனார். துப்பாக்கி உள்ளே இருக்கிறது, சுட்டவன் உள்ளே இருக்கிறான், வெளியே லண்டன் போலீஸ் முழுக்க நிற்கிறது. உள்ளே நுழைய முடியாது! 22-ம் ஷரத்து. டிரிபோலியில் பிரிட்டிஷ் தூதரகத்தைச் சுற்றி லிபியர்கள் நின்றார்கள். பெரியப்பா சொன்ன ஜாமீன். பதினொரு நாள் கழித்து, உள்ளே இருந்த முப்பது பேரும் வரிசையாக வெளியே வந்து, விமானம் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுடைய சீல் வைத்த பைகளையும் திறக்கவில்லை. 1999-ல் லிபிய அரசு பொறுப்பேற்று நஷ்டஈடு கொடுத்தது. அந்த விமானத்தில் ஏறியவர்களில் ஒருவனையும் கொலைக்காகக் கூண்டில் ஏற்ற முடியவில்லை.

ஜூலை 5. நைஜீரியாவின் முன்னாள் மந்திரி உமாரு டிக்கோ, ராணுவ ஆட்சி வந்ததும் லண்டனுக்குத் தப்பி வந்தவர். வீட்டு வாசலிலேயே கடத்தி, மயக்க ஊசி போட்டு, மரப்பெட்டியில் அடைத்து, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் எழுதியிருந்த முகவரி நைஜீரிய வெளியுறவு அமைச்சகம், லாகோஸ். தூதரகச் சரக்கு, கையை வைக்காதே! ஆனால், அங்கிருந்த இளம் கஸ்டம்ஸ் அதிகாரி ஒருவர் பேப்பரைப் பார்த்தார். தூதரகப் பை என்றால் வெளியே அதற்கான முத்திரையும் அடையாளமும் இருக்கவேண்டும், கூட வருபவரிடம் அதிகாரபூர்வமான கடிதம் இருக்கவேண்டும் என்கிறது 27-ம் ஷரத்து. இரண்டும் சரியாக இல்லை. 'பேப்பர் சரியில்லை, திறங்கள்' என்றார். திறந்தால் உள்ளே முன்னாள் மந்திரி மயக்கத்தில்; பக்கத்தில், அவர் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு மயக்க மருந்து டாக்டர்! இன்னொரு பெட்டியில் இன்னும் இரண்டு பேர்.

அரசாங்க ஆபீசில் 'பேப்பர் சரியில்லை' என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் பொறுமையாகக் கேட்பதாக இருக்கிறேன். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றிய வார்த்தை அது.

ஒரே வருஷம், ஒரே தேசம். மாத்ரே விஷயத்தில் சட்டத்தை மதிக்காதவர்கள் கொன்றார்கள். யுவான் விஷயத்தில் சட்டத்தை மதித்ததால் கொலைகாரன் தப்பினான். டிக்கோ விஷயத்தில் அதே சட்டத்தின் ஒரு சின்ன வரி ஒருவரைப் பிழைக்க வைத்தது. பிரிட்டனில் இதற்குப் பிறகு 'இந்த வியன்னா ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும்' என்று பலமான குரல் எழுந்தது. பார்லிமெண்ட் கமிட்டி அலசியது. கடைசியில் அரசாங்கம் அப்படியே விட்டுவிட்டது. வெளிநாடுகளில் தன்னுடைய ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுதான் காரணம்.

அப்படியானால் யுவான் மாதிரி ஆட்களுக்கு நியாயம்? இங்கேதான் அதிகம் பேர் கவனிக்காத 32-ம் ஷரத்து இருக்கிறது. இந்த விலக்கு தூதருடைய சொந்தச் சொத்து இல்லை. அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. அந்த நாடு நினைத்தால் 'எங்கள் ஆளை விசாரித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுக்கொடுக்கலாம்.

1997 ஜனவரியில் வாஷிங்டனில், ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாவது பெரிய அதிகாரி குடித்துவிட்டு வேகமாகக் காரை ஓட்டி, ஒரு 16 வயதுப் பெண்ணின் சாவுக்குக் காரணமானார். ஜார்ஜியா அப்போது சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து ஆறு வருஷம்கூட ஆகாத ஏழை நாடு. அதிபர் ஷெவர்ட்நாட்சே விலக்கை விட்டுக்கொடுத்தார். அமெரிக்க உதவி நின்றுவிடும் என்ற மிரட்டலும் பின்னால் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்த அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழிலிருந்து இருபத்தொரு வருஷம் வரை தண்டனை வாங்கினார்.

2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில், அமெரிக்கத் தளம் ஒன்றின் வாசலருகே, அங்கே வேலை பார்த்தவரின் மனைவி சாலையின் தவறான பக்கத்தில் காரை ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயதுப் பையன் இறந்துபோனான். அந்த அம்மாள் விலக்குரிமை சொல்லி ஊருக்குப் போய்விட்டார். பிரிட்டன் திருப்பி அனுப்பக் கேட்டது, அமெரிக்கா மறுத்தது. பையனைப் பெற்றவர்கள் மூன்று வருஷம் விடாமல் போராடினார்கள். 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எட்டு மாத தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தீர்ப்பை அவர் வீடியோவில்தான் கேட்டார்.

விட்டுக்கொடு என்று கேட்ட அதே நாடு, தன்னிடம் கேட்டபோது கையை விரித்துவிட்டது. சட்டத்தில் ஓட்டை இருந்து இது நடக்கவில்லை. இதற்கான ஷரத்து 1961-லேயே எழுதியாகிவிட்டது. அதைப் பிரயோகிக்கப் பெரிய நாட்டுக்கு மனசு வரவில்லை, சின்ன நாட்டுக்கு வேறு வழியில்லை. என்னைக் கேட்டால் தூதருக்கான பாதுகாப்பில் ஒரு வரியைக்கூட வெட்டவேண்டாம். வேலை சம்பந்தமில்லாமல் ஒரு உயிர் போயிருந்தால் 32-ம் ஷரத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று, பாதிக்கப்பட்ட நாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, அனுப்பிய நாட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்கவேண்டும். நம் ஊர்த் தூதர் எங்கேயாவது தப்பு செய்தால் நாம் கேட்போமா என்பதுதான் பரீட்சை. லண்டன் பாக்கியில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

காஞ்சிபுரம் போகிறவர்கள் பட்டு வாங்கிய கையோடு திருப்பாடகம் போய்வாருங்கள். பாண்டவ தூதப் பெருமாள். சுமார் 25 அடி உயரத்தில், உட்கார்ந்த கோலத்தில் கிருஷ்ணர். தூது வந்த இடத்தில் துரியோதனன் பள்ளம் தோண்டி, உள்ளே மல்லர்களை நிறுத்தி, மேலே ஆசனத்தைப் போட்டு உட்காரச் சொன்னானாம். உட்கார்ந்ததும் ஆசனம் உள்ளே போக, அவர் விஸ்வரூபம் எடுத்துத் தப்பித்தார் என்பது ஸ்தல புராணம்.

மற்ற தூதர்களுக்கு விஸ்வரூபம் எடுக்க வராது. அதனால்தான் 53 ஷரத்து.